ஏழாவது வாசலில் வழிப்போக்கன்

"போச்சு... எல்லாம் போச்சு!"

வேல்விழி போட்ட சத்தத்தில், தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவனின் கை அப்படியே நின்றது.

அவன் என்ன செய்துவிட்டான்? மழைக்கு ஒதுங்கினான். உள்ளே வந்தான். தோளில் தொங்கிய ஈரப் பையை எதிரே இருந்த மேஜை மேல் வைத்தான். அவ்வளவுதான்.

ஆனால் அந்த மேஜையில் கட்டம் போட்ட தாள் ஒன்று விரிந்து கிடந்தது. அறை அறையாக, சந்து சந்தாக, பேனா மையில் இழைத்து இழைத்து வரைந்த வரைபடம். பையிலிருந்து வடிந்த தண்ணீர் அதன் ஒரு மூலையை நீலக் குளமாக்கிவிட்டிருந்தது.

"ஏங்க, கண்ணு தெரியாதா ஒங்களுக்கு? ரெண்டு பேரு செத்துக் கண்டுபிடிச்ச வழிங்க இது!"

"செத்தா...?"

அவன் மிரண்டு போய்ச் சுற்றிலும் பார்த்தான். கரண்ட் இல்லாத அறை. உயிரில்லாத கம்ப்யூட்டர்கள் வரிசையாக. நடுவில் ஒரு மெழுகுவத்தி. அதைச் சுற்றி இன்னும் மூன்று முகங்கள் அவனையே முறைத்துக்கொண்டிருந்தன.

"நான் மெயில் அனுப்ப வந்தேங்க..." என்றான் மெதுவாக. "வேற எடத்துக்கு வந்துட்டனோ?"

அந்த முழியைப் பார்த்ததும் வேல்விழிக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன் இடம் மாறி வரவில்லை. உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் கர்ணன் உரக்கடையின் பின்பாதிதான் அது. பலகைத் தட்டி வைத்துத் தடுத்து, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டியிருந்தாள் வேல்விழி. கர்ணன் அவளுடைய தாய்மாமன். இடம் கொடுத்தார். யூ.பி.எஸ். வாங்கித் தரச் சொன்னபோது மட்டும், "கரண்டு போனா செத்த நேரம் சும்மா ஒக்காரு. என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்டார்.

அது 2008. கரண்ட் தினம் தினம் போனது. வேல்விழிக்குத்தான் சும்மா உட்காரத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் படித்தபோது விடுதித் தோழி ஒருத்தி கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பூமிக்கு அடியில் இருக்கும் இருட்டுச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். கதவைத் திறக்கிறேன், கயிற்றைப் போடுகிறேன் என்று வாயால் சொன்னால் போதும். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். புத்தகத்தில் இருந்தவை சீமைக் கோட்டைகள். வேல்விழி அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, மேற்கு மலைக்கு அடியில் தானாக ஒரு சுரங்கம் தோண்டினாள். ஏழு வாசல் சுரங்கம்!

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மாரிசெல்வம், எதிர்த்த தையல் கடை அனுசுயா, உரமூட்டை இறக்கும் சின்னக்கருப்பு... கரண்ட் போனால் மூவரும் ஓடி வந்துவிடுவார்கள்.

"படத்த அழிச்சவன் நான்தான?" என்றான் புதியவன். முகத்தில் மழைத்துளிகள் இன்னும் வழிந்துகொண்டிருந்தன. "நானே போயி அங்கன என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லிர்றேன். போதுமா?"

"ஆளு வெவரந்தான்க்கா," என்றான் மாரிசெல்வம்.

"பேரு?" வேல்விழி பென்சிலை எடுத்தாள்.

"திலீபன். சின்னமனூரு. சொட்டுநீர்க் குழாய் போடுற கம்பெனி..."

"ஒங்க பேரு யாருக்கு வேணும்? உள்ள போற ஆளோட பேரு."

அவன் வெளியே பார்த்தான். மேற்கு மலையிலிருந்து சாரல் சாய்ந்து சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"வழிப்போக்கன்னு போட்டுக்கங்க. மழ விட்டதும் போயிருவேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மெழுகுவத்திச் சுடர் அவன் கண்ணுக்குள் இரண்டாக ஆடியது. வேல்விழி சட்டென்று தாளைக் குனிந்து பார்த்தாள். எழுத வேண்டிய பெயரை எழுதாமல் சும்மா கோடு கிழித்துக்கொண்டிருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

ச்சே... என்ன இது?

மழை விட்டது. அவன் போகவில்லை.

* * *

அதன் பிறகு சின்னமனூரில் கரண்ட் எப்போது போகும் என்பது திலீபனுக்கு மறந்தே போனது. உத்தமபாளையத்தில் எப்போது போகும் என்பது மட்டும் மனப்பாடம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குழாய் பதித்துவிட்டு, சரியாக அந்த நேரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். கையில் தோட்டத்துக்காரர்கள் கொடுத்த பன்னீர் திராட்சை இருக்கும்.

"பூதத்துக்குப் படையல்," என்று மேஜையில் வைப்பான்.

"லஞ்சம் வாங்குற பூதம் இங்கன கெடையாது," என்பாள் வேல்விழி. ஆனால் கை ஒரு பழத்தைக் கிள்ளிவிடும்.

அவளிடம் பகடை விஷயத்தில் கறார் அதிகம். தூக்குவாளி மூடியை மல்லாத்திப் போட்டு, எல்லார் கண்ணுக்கும் தெரிய அதற்குள்தான் உருட்டுவாள். துள்ளித் தரையில் விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான், மறு உருட்டல் கிடையாது. செத்தவன் செத்தவன்தான், அழுதாலும் திரும்பி வர மாட்டான். கரண்ட் வந்துவிட்டால், கழுத்துக்குக் கத்தி வந்த நேரமானாலும் ஆட்டம் அத்தோடு நின்றுவிடும்.

"எங்காத்தாகூட இம்புட்டுக் கண்டிசன் போட்டதில்லத்தா," என்று சின்னக்கருப்பு அலுத்துக்கொள்வார். ஆனாலும் நாலு எட்டுக்கு ஒரு தரம், "தொரட்டிக் கம்ப வச்சுத் தரையக் குத்திப் பாக்குறேன்" என்று சொல்ல மறக்க மாட்டார்.

ஒரு நாள் நான்காவது வாசலில் நுங்குப் பூதம் வந்தது. சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு, கண்ணாடி மாதிரி வழவழவென்று நகர்ந்து வரும் பூதம். தொட்டவரை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அனுசுயாவின் வீராங்கனை அதற்குள் பாதி போய்விட்டாள்.

"ஐயோ, யாராச்சும் ஏதாச்சும் செய்ங்களேன்!" நிஜமாகவே மூச்சு முட்டுகிற மாதிரி கத்தினாள் அனுசுயா.

"நுங்க எப்பிடித் திம்பாக?" திலீபன் நிதானமாகக் கேட்டான்.

"கட்ட வெரல விட்டு நோண்டி..."

"அப்பறம் என்ன? கேடயத்தச் சாச்சு விட்டு அப்பிடியே நோண்டி எடுக்குறேன். உருட்டுங்க."

பகடை உருண்டது. பதினாறு!

மேஜையே அதிர்ந்தது. வேல்விழி கதை நடத்துபவள் என்பதையே மறந்து, கை தட்டிச் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது திலீபன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஏழு வாசலையும் தாண்டி உசுரோட வெளிய வந்தா..." மற்றவர்கள் கூச்சலில் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"இப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"ம்ஹூம். வாசலத் தாண்டித்தான்."

என்ன வார்த்தை? வேல்விழிக்குத் தெரியாதா என்ன... தெரிந்துதான் அன்றைக்கு முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் மீதிச் சில்லறையைக் கூடக் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கெடுத்தது மாரிசெல்வத்தின் வாய்.

"அக்கா, திலீபண்ணனக் கண்டா மட்டும் ஒங்க பேய்க்குப் பல்லெல்லாம் கொட்டிப் போகுதே... என்னக்கா சமாச்சாரம்?"

விளையாட்டாகத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம், யூரியா மூட்டைகளுக்கு நடுவே, ஒரு இருமல் கேட்டது.

மறுநாள் காலையில் மாமா பீடிகை போடவில்லை.

"ஏத்தா வேலு, கடைக்கு வாரவுக நாலு வெதமாப் பேசிக்கிறாக. ஒங்கப்பன் தேவதானப்பட்டில இருந்து ஒன்னைய என் கையில ஒப்படச்சிருக்கான். இன்னொரு வாட்டி அந்த சின்னமனூர்ப் பய சங்கதி என் காதுல விழுந்துச்சு... அந்தால ஷட்டர எறக்கிட்டு ஒன்னைய ஊருக்கு அனுப்பிருவேன். ஆமா."

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல மாமா," என்றாள்.

அன்றைக்கும் கரண்ட் போனது. அன்றைக்குத்தான் வழிப்போக்கன் ஏழாவது வாசலுக்கு வந்து சேர்ந்தான். வரைபடத்தில், அவன் வந்த முதல் நாளில் பை அழித்த அதே நீல மூலை! அந்த வழி போய் முடியும் இடத்தில் என்ன இருக்கிறது என்று வேல்விழியைத் தவிர யாருக்கும் தெரியாது. செங்குத்தான படிகள். மேலே ஒரு கதவு. கதவுக்கு அப்பால் வெளிச்சம்.

"படி ஆடுது," என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "பத்துக்கு மேல விழுந்தா ஏறிரலாம். கொறஞ்சா... படி சரிஞ்சு உள்ள போயிரும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மாமா கணக்குப் போடுவதை நிறுத்தியிருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிறார்...

"பாருங்க, இப்பயும் பேய்க்குப் பல்லு இருக்காது," என்றான் மாரிசெல்வம்.

வேல்விழி உருட்டினாள். பகடை மூடியின் விளிம்பில் மோதித் துள்ளி, மேஜைக்கு அடியில் ஓடியது. அவளே குனிந்தாள். வயர்களுக்கு நடுவில், தூசியில், நீல நிறத்தில் கிடந்தது.

பதினெட்டு.

பதினெட்டு! அவன் ஏறிவிட்டான். இனி கதவைத் திறப்பான். வெளியே வருவான். எல்லார் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லுவான். மாமா கேட்பார். ஷட்டர் இறங்கும்...

விரல்கள் பகடையை மூடின.

"நாலு," என்றாள் வேல்விழி, நிமிர்ந்து.

அனுசுயாதான் "ஐயோ பாவம்..." என்று இழுத்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் பேனா மறுபடி கிறுக்கத் தொடங்கியது.

திலீபன் அவள் மூடிய கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். அந்தக் கண்களில் எப்போதும் ஆடும் சுடரை அன்றைக்குக் காணவில்லை.

"செத்தவன் செத்தவன்தானங்க?" என்று கேட்டான்.

"ஆமா."

"சரிங்க."

கொண்டுவந்த திராட்சையை மேஜையிலேயே விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனான். நாளைக்கு வருவான், தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது. அவன் வரவில்லை. திராட்சை மேஜையிலேயே வதங்கியது.

கொஞ்ச நாள் கழித்து அனுசுயாதான் பட்டனைத் தைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த திலீபன் இருந்தாகள்ல... மஸ்கட்டுக்குப் போயிட்டாகளாம். அங்கன ஏதோ தோட்டத்துல குழாய் வேலையாம்."

வேல்விழி அன்றைக்கு மூடியைத் தூக்குவாளிக்கே திருப்பி மாட்டினாள். ஆட்டம் ஒன்றிரண்டு தரம் ஊமையாக நடந்து, தானாக நின்று போனது. மாரிசெல்வம் வேலைக்காகச் சென்னை போனான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள் காப்பி கொடுத்தாள், காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றாள். கரண்ட் போனால், மாமா அன்றைக்குச் சொன்னபடி, சும்மா உட்காரப் பழகிக்கொண்டாள்.

இருட்டில் உட்கார்ந்தால் ஒன்றுதான் தோன்றும். எத்தனையோ பேரை அந்தச் சுரங்கத்தில் கொன்றிருக்கிறாள். எல்லாரையும் கொன்றது பகடை. ஒருவனை மட்டும்தான் அவள் கொன்றாள்.

* * *

2010. மறுபடி சாரல்.

"ஒரு டிக்கெட் பிரிண்ட் எடுக்கணுங்க."

குரலைக் கேட்டதும் முதலில் காதுதான் சுட்டது. வேல்விழி நிமிரவே பயந்தாள். நிமிர்ந்தாள்.

வெயிலில் கறுத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. தலைமுடியில் அதே மழைத்துளிகள்.

"எப்ப... வந்தீக?"

"தங்கச்சி கல்யாணம். முடிஞ்சிருச்சு. நாளைக்குக் கொச்சில பிளைட்டு."

நாளைக்கு. அவளுக்குள் என்னவோ படி சரிகிற மாதிரி சரிந்தது.

பிரிண்டர் கிர்ரென்று தாளை இழுத்தது. பாதி டிக்கெட் வெளியே வந்தது. டப்பென்று கரண்ட் போனது.

"ஐயையோ..." என்றாள். "எதிர்த்தாப்புல, பஸ் ஸ்டாண்டுல எல்லாம் சென்டரு இருக்கே. அங்க போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம்." அவன் பாதி டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்கெல்லாம் யூ.பி.எஸ். இருக்கு."

வேல்விழி அடி டிராயரைத் திறந்து மெழுகுவத்தியை எடுத்தாள். அதற்குப் பின்னால் பழைய துணியில் சுற்றி வைத்திருந்த பகடை. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குவாளியிலிருந்து மூடியைக் கழற்றி மல்லாத்திப் போட்டாள்.

"ஒக்காருங்க."

"இன்னமுமா ஆடுறீக?"

"இல்ல. ஒரே ஒரு ஆளு உள்ளயே நிக்கிறாரு. அவர வெளிய கொண்டாரணும்."

அவன் உட்கார்ந்தான். வேல்விழி சுடரையே பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள்.

"வழிப்போக்கன் ஏழாவது வாசப்படியில நிக்கிறாரு. பந்தம் அணஞ்சு ரெண்டு வருசமாச்சு. கால் மரத்துப் போச்சு. மேல கதவு தெரியுது. என்ன செய்றாரு?"

"அவன்தான் செத்துட்டானே," என்றான் திலீபன். "செத்தவன் செத்தவன்தான்னு சட்டம் போட்டவுக நீங்க."

"அவரு சாகல."

சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறை. இப்போது எழுந்து கத்துவானா? சிரிப்பானா?

"தெரியும்," என்றான்.

அவள் விருட்டென்று நிமிர்ந்தாள்.

"பதினெட்டு. நீங்க குனிஞ்சப்ப நானும் இந்தப் பக்கம் குனிஞ்சேன். வயருக்கு இடையில தெரிஞ்சுச்சு. நீங்கதான் என்னையப் பாக்கல."

"தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா வாயத் தொறக்காமப் போனீக?"

"என்னன்னு தொறக்க? அந்த மூடிக்குள்ள விழுந்தத எல்லாரும் சாமி வாக்கு மாதிரி நம்புனாக. அத நானா ஒடைக்கிறது?" அவன் குரல் தாழ்ந்தது. "அதோட... வெளிய வந்தா ஒரு வார்த்த சொல்றேன்னேன். நீங்க வெளிய விடல. அதக் கேக்க இஷ்டமில்லன்னு இதவிட எப்பிடிங்க ஒரு பொம்பள சொல்லுவா? ரோசம் வந்துருச்சு. கெளம்பிட்டேன்."

வேல்விழி பலகைத் தட்டியைக் காட்டினாள். அந்தப் பக்கம் மாமா யாரிடமோ பொட்டாஷ் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. திலீபன் தட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது.

"அன்னைக்குக் காலையில... ஷட்டர எறக்கிருவேன்னாரு," என்றாள். கண்ணீர் மூடிக்குள் சொட்டியது.

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவள் ஒரே ஒரு எண்ணைச் சரியாகச் சொல்லியிருக்கலாம். ஷட்டர் இறங்கியிருக்கும்... இறங்கட்டுமே! ஷட்டர் ஏறியே இருந்த இந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு என்ன கிடைத்தது? பாலைவனத்தில் யாருக்கோ தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் என்ன கிடைத்தது?

"சொல்லுங்க... வழிப்போக்கன் என்ன செய்றாரு?"

"பகட உருட்ட வேணாமா?"

"அது அன்னைக்கே விழுந்துருச்சு. விழுந்தது விழுந்ததுதான்."

திலீபன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பன்னா... ஏறுறான். கடைசிப் படி. கதவத் தள்ளுறான். வெளிய மழையா?"

"சாரல்."

"யாராச்சும் நிக்கிறாகளா?"

"ஒருத்தி நிக்கிறா. ரொம்ப நாளா."

"அவகிட்டப் போயி..."

டப்!

டியூப் லைட் சிமிட்டியது. தலைக்கு மேல் மின்விசிறி முனகியது. மெழுகுவத்தி அணைந்தது. பிரிண்டர் கிர்ரென்று பாதி டிக்கெட்டை வெளியே தள்ள ஆரம்பித்தது.

திலீபன் கண்ணைத் திறந்தான். வறண்ட சிரிப்பு ஒன்று வந்தது.

"கரண்டு வந்துருச்சு. ஆட்டம் முடிஞ்சுச்சு. சட்டம்..."

வேல்விழி எழுந்தாள். சுவரோரம் போனாள். சென்டருக்கு மட்டுமான மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

இருட்டு. பாதி டிக்கெட் பிரிண்டரின் வாயிலேயே தொங்கியது.

"ஏத்தா வேலு!" தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா. "ஊருக்கெல்லாம் கரண்டு வந்துருச்சு. அங்கன என்ன இருட்டா கெடக்கு?"

"இங்க இன்னும் வரல மாமா!"

இந்த மேஜையில் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யை மாமாவுக்குப் பயந்து சொன்னாள்; இதை மாமாவிடமே சொன்னாள்.

"சொல்லுங்க," என்றாள் இருட்டைப் பார்த்து.

நாற்காலி நகர்ந்தது. குரல் வெகு அருகில் வந்தது. அதுவரை 'நீங்க' என்றே சொல்லி வந்த குரல்...

"ஒன்னையக் கட்டிக்கிடணும்னு ஆச வேலு. இதத்தான் அன்னைக்கு வாசலத் தாண்டிச் சொல்ல வந்தேன். இப்பச் சொல்லுறேன்... ஆனா நாளைக்குப் போகாம இருக்க முடியாது. காண்ட்ராக்ட் முடிய இன்னும் ஒரு வருசம் கெடக்கு. என்னத்தச் சொல்ல... ரொம்பத் தாமசமாயிருச்சுல்ல?"

வேல்விழி இருட்டில் கையை நீட்டினாள். ஈரம் காயாத ஒரு சட்டைக் கை தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருசம் ஒங்கள இருட்டுல நிக்க வச்சவ நான்," என்றாள். "ஒரு வருசம் நான் நிக்க மாட்டேனா?"